பேட்டரி இந்தப் பக்கம், சார்ஜர் அந்தப் பக்கம்

போன மாதம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மக்கர் செய்தது. கரண்ட் போனால் ஒரு காபி போட்டு முடிப்பதற்குள் விளக்கு மங்கிவிடும். பழுது பார்க்க இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் பேட்டரி போய்விட்டது என்றான். மற்றவன் பேட்டரிக்கு ஒன்றுமில்லை, அதற்குக் கரண்ட் ஏற்றுகிற போர்டுதான் போய்விட்டது என்றான். இரண்டு பேரும் என் கூடத்தில் நின்று முறுக்கிக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்கம்மா சிரிக்கறீங்க?" என்று கேட்டான் ஒருவன். ஒன்றுமில்லை என்று சொல்லி டீ கொடுத்தேன்.

அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ஆசிட் சிந்தாமல் தள்ளிக்கொண்டே போய், கடையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கி வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் நான் வளர்ந்தேன்.

பொம்மிடியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் எங்கள் ஓட்டு வீடு. சாலையைப் பார்த்த முன்னறைதான் கடை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். பேட்டரி அப்பாவின் வேலை. மூடிகளைக் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பார். குழாய்க்குள் மிதக்கிற சின்னக் குண்டு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்து, "இது இன்னும் பசியா இருக்குது" என்பார். அவர் சட்டைகளில் எல்லாம் ஆசிட் தெறித்த பொட்டுப்பொட்டான ஓட்டைகள். அம்மா அவருக்குப் புதுத்துணி எடுப்பதையே விட்டுவிட்டாள். கரண்ட் சித்தப்பாவின் வேலை. சார்ஜர் பெட்டியை அவரே கட்டினார். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றியது, டயோடு பொருத்தியது, முன்னால் முள் ஆடுகிற ஆம்ப் மீட்டரைப் பதித்தது எல்லாம் அவர்தான். அதைப் போட்டால் ஒரு ரீங்காரம் எழும். அந்தச் சத்தத்தோடுதான் நாங்கள் தூங்கினோம், எழுந்தோம், வாய்ப்பாடு படித்தோம்.

தாத்தா போன பிறகு பாகம் பிரித்தார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்டால் அம்மா ஒரு காரணம் சொன்னாள், சித்தி வேறொன்று சொன்னாள். அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. வீட்டுக்கு நடுவே, கடை அறையையும் சேர்த்து, ஒரு சுவர் எழும்பியது. பேட்டரிகள் எங்கள் பக்கம். சார்ஜர் சித்தப்பா பக்கம். வேலையைப் பிரிக்க முடியாதே! அதனால் சுவரின் அடியில் ஓர் ஓட்டை விட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர்களை அதன் வழியே விட்டார்கள். கரண்ட் அந்தப் பக்கத்திலிருந்து வரும், இந்தப் பக்கத்து பேட்டரிகளில் ஏறும். அண்ணனும் தம்பியும் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சைச் சுமப்பது என் வேலை.

"போயி, பன்னண்டு வோல்ட்டுல வெக்கச் சொல்லு" என்பார் அப்பா. நான் வாசலில் இறங்கி, சாலைக்குப் போய், அடுத்த வாசலில் ஏறுவேன்.

"சித்தப்பா, பன்னண்டு வோல்ட்டுல வெக்கணுமாம்."

"வெச்சாச்சுன்னு சொல்லு கண்ணு."

திரும்ப இறங்கி, ஏறி, "வெச்சாச்சாம்" என்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுவர் ஓடுவரை போகவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. அப்பா சொன்னது சித்தப்பாவுக்கும் சித்தப்பா சொன்னது அப்பாவுக்கும் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அது கேட்டதாகக் கணக்கு. நான் பள்ளிக்கூடம் போயிருந்தால் வேலை நிற்கும். என் வேலையைச் சில நாள் சித்தப்பா மகளும் செய்வாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். எதிரெதிர்ச் செய்தியோடு நாங்கள் சாலையில் சந்தித்துக்கொண்டு சிரித்ததும் உண்டு.

சுவர் கட்டின அடுத்த கோடையில்தான் தகராறு ஆரம்பித்தது. முதலில் வந்தவர் மைக் செட்காரர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா வாழ்த்துரை பேச எழுந்து நின்றாராம். "அன்பார்ந்த" என்று சொல்லும்போதே மைக் செத்துவிட்டதாம். "பந்தல்ல இருந்தவங்க எல்லாம் கை தட்டிட்டாங்க. அந்தாளு என்னமோ நாந்தான் வேணும்னு செஞ்ச மாதிரி என் சட்டையப் புடிக்கறாருங்க" என்று கத்தினார்.

அடுத்தது மலைக்காரர். சேர்வராயன் மலையின் எங்கள் பக்கத்துச் சரிவில் அவர் ஊர். அங்கே அப்போது கரண்ட் கிடையாது. ஊருக்குப் பொதுவாக ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு டியூப்லைட்டும் வைத்திருந்தார்கள். அதற்கான பேட்டரியைக் கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார். அவர் கத்தவில்லை. பேட்டரியை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பாட்டுகூட முழுசாக் கேக்கலைங்க. மலையேறி எறங்கற பாடு உங்களுக்குத் தெரியும். அரூர்ல புதுசா ஒரு கடை வந்திருக்குதாம். எனக்கு அங்க போவ மனசில்லைங்க" என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. என்னை அனுப்பினார். "சார்ஜர் சரியா கரண்ட் குடுக்கலைன்னு சொல்லு."

சித்தப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, லாரி ஹெட்லைட் பல்ப் ஒன்றை எடுத்து சார்ஜரின் இரண்டு முனைகளிலும் தொட்டார். கண் கூசுகிற வெளிச்சம். "பாத்தியா? டயோடு எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடப் போகலை. ஆனா உங்கப்பா பேட்டரிய மாட்டினா முள்ளு ஏறவே மாட்டேங்குது. பேட்டரி கரண்ட் வாங்க மாட்டேங்குதுன்னு அர்த்தம். உள்ள பிளேட்டு செத்துப்போயிருக்கும்னு சொல்லு."

சொன்னேன். அப்பா மலைக்காரரின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அரூர் பஸ்ஸில் ஏறினார். தன் கடைப் பேட்டரியை இன்னொருவர் கடையில் சார்ஜ் போடுவது அவருக்கு எவ்வளவு கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மறுநாள் திரும்பிக் கொண்டுவந்து ஹெட்லைட் பல்பை மாட்டினார். அது சாயங்காலம்வரை சளைக்காமல் எரிந்தது. "பேட்டரி நல்ல பேட்டரின்னு போய்ச் சொல்லு" என்றார்.

ஆக, அப்பா பேட்டரி நல்லது என்று நிரூபித்துவிட்டார். சித்தப்பா சார்ஜர் நல்லது என்று நிரூபித்துவிட்டார். இரண்டும் உண்மை. இரண்டையும் நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் ஒருவர் உண்மை சொன்னால் மற்றவர் பொய் சொல்கிறார் என்றுதானே அவர்களுக்குத் தோன்றும்? அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "வேணும்னே கொறைச்சு வெக்கறான்" என்றார். அடுத்த நாள் சித்தப்பா சித்தியிடம், "ஆசிட்டுல தண்ணியக் கலந்துட்டு என் மேல பழியப் போடறாரு" என்றார். இந்த இரண்டு செய்திகளையும் நான் சுமக்கவில்லை. யாரும் சுமக்கச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த செய்தி தங்கச்சி மூலம் வந்தது. சித்தப்பா பெங்களூருக்குப் போகிறார். அங்கே மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கம்பெனியில் வேலை. குடும்பத்தோடு போகிறார்கள். சார்ஜரை அரூர் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். பள்ளிக்கூடத்தில் தங்கச்சியின் டி.சி.யைக்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

அப்பா இதைக் கேட்டு, "போறவங்க போகட்டும்" என்றார். அன்றைக்குப் பூரா அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பேட்டரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் தங்கச்சியும் பேசுவதற்கு ஒரு இடம் இருந்தது. மதியம் பெரியவர்கள் கண் அயரும் நேரத்தில் சுவரின் அடியில், வயர் போகிற ஓட்டைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் படுத்துக்கொள்வோம். வயரைச் சுற்றிக் கொஞ்சம் இடுக்கு இருந்தது. கிசுகிசுத்தால் போதும். அன்று அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

"பெங்களூர்ல எல்லாம் கன்னடம் பேசுவாங்களாமே. எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா."

"உங்கம்மாவுக்குத் தெரியுமில்ல?" என்றேன். சித்தி ஓசூர்ப் பக்கம் பிறந்தவள்.

"அவங்களும் அழுவறாங்கக்கா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரோரம் நெருங்கிப் படுப்பது கேட்டது. பிறகு அவள், "அக்கா, இங்க செவுரு சுடுது" என்றாள்.

நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி. மூக்கை நெருக்கினால் ரப்பர் கருகிய வாசனைகூட லேசாக வந்தது.

எழுந்துபோய் அம்மாவை உலுக்கினேன். "கோடையில செவுரு சுடாம என்ன பண்ணும்? போய்ப் படு" என்று திரும்பிப் படுத்தாள். படுத்தவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சுவரில் எங்கேயிருந்து வெயில் படும்? அது வீட்டுக்கு உள்ளே இருக்கிற சுவர்.

அம்மா வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு முழம் தள்ளி வைத்தாள். அங்கே சில்லென்று இருந்தது. மறுபடி ஓட்டைக்கு அருகே வைத்தாள். பிறகு சுவருக்கு மேலே முகத்தைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, முழிச்சிருக்கியா? வயர் வர்ற எடத்துல உன் பக்கம் கைய வெச்சுப் பாரு."

சித்தியின் வளையல் சத்தம் கேட்டது. "ஐயோ, ஆமாக்கா! சுடுது!"

"அந்த சார்ஜர நிறுத்து."

ரீங்காரம் நின்றது. இரண்டு பெண்களும் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டார்கள். ஆறியிருந்தது. மறுபடி போடச் சொன்னாள் அம்மா. மறுபடி மெல்லச் சூடேறியது.

அம்மா வயரையும் வோல்ட்டையும் படித்தவள் அல்ல. அடுப்பைத் தெரிந்தவள். "எரிய வேண்டிய எடத்துல எரியாம நடுவுல எங்கயோ எரிஞ்சு போவுது. அதான் ரெண்டு பேருக்கும் வேகலை" என்றாள்.

அப்பாவை எழுப்பிச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து கை வைத்தார். சிரிப்பு நின்றது. சித்தி அந்தப் பக்கம் சித்தப்பாவை எழுப்பியிருந்தாள். அவரும் குனிந்து கை வைத்திருக்கிறார் என்று தங்கச்சி எனக்கு ஓட்டை வழியாகச் சொன்னாள். இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. யாரும் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை.

கடைசியில் அப்பாதான் என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த எடத்தை ஒடைச்சுப் பாக்கச் சொல்லு."

நான் வாசலில் இறங்குவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அவரையே ஒடைக்கச் சொல்லு கண்ணு."

"செங்கல்லு வாங்கிக் கட்டினது அவன். அவன் செவுத்துல நான் எப்படிக் கை வெக்கறது?"

"செவுரு நிக்கற எடத்துல பாதி அவரு பங்கு. நான் மட்டும் எப்படி வெக்கறது?"

நான் சாலையில் நின்று இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளே ணங்கென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த கடப்பாரையால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு செங்கல் பெயர்ந்தது. இன்னொன்றை அந்தப் பக்கத்திலிருந்து சித்தி இழுத்தாள். அந்தச் சந்து வழியாகத் தங்கச்சியின் முழு முகமும் எனக்குத் தெரிந்தது.

சுவரின் வயிற்றுக்குள் சிவப்பு வயர் வெட்டி முறுக்கப்பட்டிருந்தது. வெறும் முறுக்கு. மேலே ஒரு துணி நாடா. அதுவும் கருகி உதிர்ந்துவிட்டது. ஆசிட் ஆவி பட்டுப் பட்டுத் தாமிரம் முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டதும் இரண்டு இழைகள் பொடிந்தன. வருகிற கரண்டில் பெரும்பகுதியை அந்தக் களிம்பே தின்றுகொண்டு சூடாகியிருக்கிறது. அந்தப் பக்கம் பல்ப் பளிச்சென்று எரியும். இந்தப் பக்கம் பேட்டரி பட்டினி கிடக்கும்.

"இது யாரு போட்ட ஜாயிண்ட்டு?" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

"நான் போடலை" என்றார் அப்பா, அவரும் யாரையும் பார்க்காமல்.

அம்மா கடப்பாரையைச் சாய்த்து வைத்தாள். "கொத்தனாரு போட்டது. வயர் எட்டலைன்னு வெட்டி ஒட்டுப் போட்டாரு. யாரக் கேக்கறதுன்னு தேடினாரு. செவுரு கட்டற அன்னிக்கு நீங்க ரெண்டு பேருமே வூட்ல இல்லையே. ஒருத்தரு பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் வாங்கறேன்னு தருமபுரி போனீங்க. ஒருத்தரு மோட்டாரு பாக்கணும்னு யாரு தோட்டத்துக்கோ போனீங்க. அது எழும்பறதப் பாக்க ரெண்டு பேருக்கும் தெம்பு இல்ல."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

சித்தப்பா உள்ளே போய் ஒட்டே இல்லாத முழு வயர் ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற தடித்த வயர். அதைச் சந்து வழியாக இந்தப் பக்கம் நீட்டினார். அது செங்கல் விளிம்பில் சிக்கிக்கொண்டது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செய்தி வரும் என்று காத்திருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் இழுங்க."

அப்பா உடனே இழுக்கவில்லை. வயரின் நுனியைப் பிடித்தபடி ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு இழுத்தார்.

"போதுமா?"

"இன்னும் ஒரு மொழம் வரட்டுங்கண்ணா."

முனைகளைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, வயர் நுனியில் மாட்டுகிற பித்தளைக் காதுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். இந்த முனையை அப்பா பிடித்துக்கொள்ள, சித்தப்பா சந்துக்குள் கையை நீட்டிச் சுட்டுக்கோலை வைத்தார். களிம்பு வராமலிருக்க அப்பா கிரீஸ் தடவினார். மலைக்காரரின் பேட்டரியை மாட்டினார்கள். ரீங்காரம் எழுந்தது. எங்கள் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி கனத்த சத்தம்.

"எவ்வளவு காட்டுது?" என்று அப்பா கேட்டார்.

"ஏறுதுங்கண்ணா. நல்லா ஏறுது."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் மூடி கழற்றிய பேட்டரிக் கண்களில் சின்னச் சின்னக் குமிழ்கள் கொதிக்க ஆரம்பித்தன. அப்பா குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சந்து வழியாக அதை அந்தப் பக்கம் நீட்டி, தம்பிக்குக் காட்டினார்.

பல வருடம் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, எனக்கு ஒன்று உறைத்தது. தினமும் கடை சாத்துகிற நேரத்தில் அப்பா என்னை அனுப்பி, "எவ்வளவு வெச்சிருக்குதுன்னு கேட்டுட்டு வா" என்பார். எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியதே அவர்தான். காலையில் சொன்னதை ராத்திரி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தம்பியின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. அவரை நான் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் சித்தப்பா, ஒரு வார்த்தையில் முடிகிற பதிலை எவ்வளவு நீட்டி, எவ்வளவு உரக்கச் சொல்வார் என்பதும் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மலைக்காரர் அடுத்த தடவை இறங்கி வந்தபோது கழுதைக்கு முன்னாலேயே அவர் சிரிப்பு வந்தது. "விடிய விடிய பாடுச்சுங்க. எங்கூரு நாயிங்ககூடத் தூங்கலை" என்றார். அப்பா, "தம்பிகிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்று அடுத்த வாசலைக் காட்டினார்.

பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போகவில்லை என்று சித்தப்பா சொல்லவும் இல்லை. ஒரு நாள் சித்தி கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள் என்று தங்கச்சி சொன்னாள். அரூர்க்காரர் சார்ஜருக்காக வந்து, டீ குடித்துவிட்டுச் சும்மா திரும்பிப் போனார். சுவர் அப்படியேதான் இருந்தது, கடைசிவரை. அதை யாரும் இடிக்கவில்லை. பெயர்ந்த செங்கற்களை மட்டும் யாரும் திரும்ப வைக்கவில்லை. அம்மா அந்தச் சந்துக்கு ஒரு பலகைச் சட்டம் அடித்தாள். அதன் வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், தோசை வரும். மலைக்குக் கரண்ட் வரும்வரை கடை நன்றாகவே ஓடியது. அப்புறம் டிராக்டரும் லாரியும் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். கரண்ட் அடிக்கடி நின்றுபோன காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இன்வெர்ட்டர் கட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கோடை முடிந்த நாளைத்தான் நான் சொல்ல நினைத்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று தங்கச்சியின் டி.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடம்பிடித்து வாங்கிய சித்தப்பாவுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சம். வாசலோடு நின்றுவிட்டார். அப்பாதான் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போனார். அந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எம் பொண்ணுங்க" என்றார் அப்பா. என்னையும் காட்டி, "ரெண்டும்" என்றார்.

நாங்கள் வகுப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா வெளியே வந்ததும் சித்தப்பா சைக்கிளை நிமிர்த்தி, "என்னண்ணா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"என்ன சொல்லுவாங்க? ஏறு. மைக் செட்காரன் வந்து காத்திட்டிருப்பான்."

அப்பா மிதித்தார். சித்தப்பா கேரியரில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டே போனார். டயோடு பற்றித்தான் இருக்கும். அப்பா பாதையைப் பார்க்காமல் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னார். சைக்கிள் இரண்டு தடவை சாலையோரம் வரை போய்த் திரும்பியது. எங்களுக்குக் கையசைக்க வேண்டும் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது.